மரங்களின் சரித்திரம் – 11: மழைக் கணக்கும் சிலீப்பர் கட்டையும்

1856 ஜூலை 1. ராயபுரத்தில் புத்தம் புதிய ரயில் நிலையம். கவர்னர் ஹாரிஸ் பிரபு வந்திருக்கிறார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து கிளம்பி, ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை போகப்போகிறது. சுமார் 65 மைல் தூரம்.

கூடியிருந்தவர்கள் எல்லாரும் எஞ்சினைத்தான் பார்த்திருப்பார்கள். நாம் கொஞ்சம் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தண்டவாளம். அதைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் சிலீப்பர் கட்டை. ஒன்பது பத்தடி நீளம், பத்து அங்குல அகலம், ஐந்து அங்குலக் கனம். ஒரு கஜத்துக்கு ஒன்று என்று போட்டாலும் மைலுக்கு 1,760 கட்டை. நெருக்கிப் போட்டால் 2,000. ராயபுரம் முதல் வாலாஜா வரை முழுக்க மரக்கட்டையே போட்டதாக வைத்துக்கொண்டால், ஒற்றைத் தடத்துக்கே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். போட்டதோடு வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, கரையான் அரித்துச் சில வருடங்களில் கட்டை உளுத்துப்போகும். மறுபடி காட்டுக்குத்தான் போக வேண்டும்.

1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் சிலீப்பருக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் விழுந்தன. இது கட்டைக் கணக்கு மட்டும். நிலக்கரிச் சுரங்கங்கள் எட்டாத தூரத்தில் இருந்ததால் தெற்கே பல எஞ்சின்கள் விறகில் ஓடின. அந்த விறகு இதில் சேராது.

இதே 1856இல் இன்னும் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று சென்னையில், மற்றொன்று அமெரிக்காவில். ராயபுரத்துக் கூட்டத்தில் யாருக்கும் அவை தெரிந்திருக்க நியாயமில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அத்தியாயம் விளங்கும்.

சென்ற இதழில் மொரீஷியஸில் நின்றோம். ஒரு கையைக் கடற்போரில் இழந்த பியேர் புவாவ்ர், அந்தத் தீவின் நிர்வாகியாக இருந்து 1769இல் போட்ட உத்தரவைப் பார்த்தோம். நிலம் வைத்திருப்பவர்கள் நாலில் ஒரு பங்கைக் காடாக விட்டுவைக்க வேண்டும். மலைச் சரிவுகளில் கை வைக்கக் கூடாது. ஓடைக்கு 200 கஜத்துக்குள் மரம் வெட்டக் கூடாது. காடு போனால் மழை போகும் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷாரும் அதே பாதையில் நடந்தார்கள். 1776இல் டொபேகோ தீவின் நடு மலைத்தொடரை ஒதுக்கி வைத்தபோது, மழையைக் கவர்ந்திழுக்கவே இந்தக் காடு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1791இல் செயின்ட் வின்சென்ட் தீவிலும் அப்படியே.

தீவில் இருப்பவனுக்கு இந்த உண்மை சீக்கிரம் உறைக்கும். மலை கண்ணெதிரே மொட்டையாகும், ஓடை கண்ணெதிரே வற்றும். ஒரு தலைமுறைக்குள் காரணமும் விளைவும் ஒரே கிழவியின் ஞாபகத்தில் வந்து நின்றுவிடும். இந்தியா போன்ற பெருநிலத்தில் அப்படி நடக்காது. காவிரிக்கரையில் இருப்பவனுக்குக் குடகில் விழும் கோடரிச் சத்தம் கேட்குமா?

ஆனாலும் தீவுகளில் பிறந்த அந்த எண்ணம் கப்பல் ஏறிச் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1847இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், மரங்களுக்கும் ஒரு நாட்டின் தட்பவெப்பத்துக்கும் என்ன தொடர்பு என்று இந்திய அதிகாரிகளிடம் விசாரித்து எழுதினார்கள். இதற்கு மெனக்கெட்டவர்களில் எட்வர்ட் பால்ஃபர் முக்கியமானவர். ராணுவ மருத்துவர். எழும்பூர் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, 1851இல் அதைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். மரங்கள் மழையையும் ஈரத்தையும் எப்படிக் காக்கின்றன என்று இவர் எழுதிய கட்டுரை 1849இல் சென்னையில் வெளிவந்த இலக்கிய – அறிவியல் சஞ்சிகை ஒன்றில் அச்சாயிற்று.

இன்னொரு மருத்துவர், ஹியூ கிளெகார்ன். 1820இல் சென்னையில் பிறந்தவர். அவருடைய தாத்தாவின் பெயரும் ஹியூ கிளெகார்ன்தான். டச்சுக்காரர்களிடம் கூலிக்கு வேலை பார்த்த சுவிஸ் படையைப் பேரம் பேசிப் பிரிட்டிஷ் பக்கம் இழுத்து, இலங்கை அதிகச் சண்டையில்லாமல் கைமாற வழிசெய்தவர் அந்தத் தாத்தா. பேரன் எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, மைசூர் ராஜ்யத்தின் ஷிமோகா பக்கம் வேலை பார்த்தார். போகிற இடமெல்லாம் செடி சேகரிப்பார், அவற்றை வரைய இந்திய ஓவியர்களை அமர்த்துவார். சிகிச்சைக்கான விடுப்பில் ஊர் போயிருந்தபோது பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வெப்பமண்டலக் காடுகள் அழிவதால் வரக்கூடிய விளைவுகளை ஆராய ஒரு குழு. 1851இல் அறிக்கை வந்தது. மரம் விரயமாவதையும், வெட்டிய இடத்தில் ஒன்றும் மிஞ்சாததையும், நீரூற்றுகளுக்கு வரும் ஆபத்தையும் அதில் அடுக்கியிருந்தார்கள்.

1856இல் சென்னை மாகாணத்துக்கு வனப் பாதுகாவலர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, கிளெகார்ன் அதில் அமர்த்தப்பட்டார். ரயில் ஓடத் தொடங்கிய அதே வருடம்.

இது தற்செயல் இல்லை. இந்தியா முழுக்க ரயில் போட வேண்டும் என்று 1853இல் குறிப்பு எழுதியவர் டல்ஹவுசி பிரபு. 1855இல் காடுகளுக்கு ஒரு நிரந்தரக் கொள்கை வேண்டும் என்று குறிப்பு எழுதியவரும் அவரே. தண்டவாளத்துக்குக் கட்டை தொடர்ந்து கிடைக்க வேண்டுமென்றால் காட்டுக்குக் காவல்காரன் வேண்டும். கிளெகார்னுக்கு மழை பற்றிய கவலை உண்மையாகவே இருந்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் கவலை கட்டை.

மூன்றாவது காரியம் நடந்தது அந்த வருடம் ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில். அமெரிக்க அறிவியல் சங்கத்தின் கூட்டம். யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி செய்த ஒரு சோதனையை, அவர் சார்பில் ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி படித்தார். சோதனை எளிமையானதுதான். கண்ணாடிக் குழாய்களுக்குள் வெப்பமானிகளை வைத்து, ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் கரியமில வாயு நிரப்பி, வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடானது. நிழலுக்குக் கொண்டுபோன பிறகும் ஆறுவதற்கு வெகுநேரம் பிடித்தது. பூமியைச் சுற்றி அந்த வாயு அதிகமாக இருந்தால் பூமியும் அதிகம் சூடாகும் என்று அவர் எழுதினார்.

மரம் என்பது பெரும்பங்கு காற்றிலிருந்து பிடித்து வைத்த கரிதான். மரத்தைக் கொளுத்தினாலும் மக்கவிட்டாலும் அது கரியமில வாயுவாகத் திரும்பிப் போகும். மரங்கள் விழுந்த ஆனைமலைக்கும் ஆல்பனிக்கும் உள்ள இந்த முடிச்சை உலகம் கண்டுகொள்ள இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஃபூட்டின் பெயரோ அதற்கும் பின்னால், இந்த நூற்றாண்டில்தான் பரவலாகத் தெரிய வந்தது.

ஆனைமலைக்கு வருவோம்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக மேலே ஏறினால் டாப்ஸ்லிப். ஆங்கிலப் பெயர்தான், ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் அதை மாற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. மலை விளிம்பில் ஓர் இடம். மேலே வெட்டிய தேக்கு மரங்களை அங்கே கொண்டுவந்து, சரிவில் உருட்டி, சறுக்கிவிடுவார்கள். பெயர் வந்த வழி அதுதான்.

விளிம்பு வரை கொண்டுவருவது யானை. கட்டையின் ஒரு முனையில் துளை போட்டு வடத்தைக் கோப்பார்கள். யானை அந்த வடத்தின் மறுமுனையைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஓரடி ஓரடியாக இழுக்கும். பள்ளத்தில் கட்டை முந்திக்கொண்டு வந்தால், வடத்தை நழுவவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். மேலே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மலசர். அந்தக் காடு யாருடைய வீடோ, அவர்களே அதை இறக்கிக் கொடுக்கும் கூலியாட்களும் ஆனார்கள்.

கீழே இறங்கிய மரம் எங்கே போனது? ரயிலுக்கு முன்பு கப்பலுக்கு. இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும், பம்பாய் கப்பல் தளத்துக்கு மேற்குக் கரையின் தேக்கு தேவைப்பட்டது. 1806இலேயே கேப்டன் வாட்சன் என்பவரை மலபார் – திருவிதாங்கூர் காடுகளுக்குப் பொறுப்பாகப் போட்டு, தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்று ஏகபோகம் கொண்டுவந்தார்கள். மரவியாபாரிகளும் குடியானவர்களும் கொதித்துப்போனார்கள். 1823இல் கவர்னர் தாமஸ் மன்றோ அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்தில் மலபார் தேக்கில் செய்த ஒரு போர்க்கப்பல் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிறது. 1817இல் பம்பாயில் கட்டி, இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் நிறுத்தி வைத்திருக்கும் அந்தக் கப்பலின் பெயர் திருகோணமலை.

காட்டு வேலை நமக்கு ஒரு சொல்லையும் கொடுத்தது. கூப்பு. ‘கூப்புக்குப் போயிருக்கான்’, ‘கூப்பு ரோடு’, ‘கூப்புக் காண்ட்ராக்டர்’ என்று மலையடிவாரத்தில் இன்றும் காதில் விழும். காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, இந்த வருடம் இது, அடுத்த வருடம் அது என்று முறைபோட்டு வெட்டுவதற்குக் குறித்த பகுதி கூப்பு. வெட்டு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல், வனத்துறையின் ஆங்கிலத்தில் நுழைந்து, அங்கிருந்து நம் வாய்க்கு வந்தது. சோலை, இறும்பு, அடவி, கானகம் என்று காட்டுக்கு அத்தனை பெயர் வைத்திருந்த மொழிக்கு, வெட்டுவதற்கென்றே அளந்த காட்டுக்கு மட்டும் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறது.

காடு குறைகிறது, மழை குறைகிறது என்ற குரல் உயர்ந்தபோது குற்றவாளி யார் என்ற கேள்வி வந்தது. ரயில் கம்பெனியா? வயநாட்டிலும் நீலகிரியிலும் சேர்வராயனிலும் சோலைகளைக் கொளுத்திக் காப்பி வைத்த துரைமார்களா? காப்பித் தோட்டங்களையும் கிளெகார்ன் கண்டித்துத்தான் எழுதினார். ஆனால் சட்டம் முதலில் பாய்ந்த இடம் வேறு. கன்னடக் கரையில் குமரி என்றும் மலபாரில் புனம் என்றும் சொல்லப்பட்ட மலைவேளாண்மையின் மேல் அது பாய்ந்தது. ஒரு துண்டு காட்டை வெட்டி எரித்து, சாம்பலில் விதைத்து, இரண்டொரு போகம் எடுத்துவிட்டு, மரம் மறுபடி எழட்டும் என்று பல வருடம் விட்டுவிடும் முறை அது. தினை விளையும் புனத்தில் கிளி விரட்டும் பெண்ணைச் சங்கப் பாட்டில் பார்த்திருக்கிறோம். 1860இல் சென்னை அரசு தன் காடுகளில் அனுமதியின்றிக் குமரி செய்யக் கூடாது என்று தடை போட்டது.

இந்த முறையால் சேதமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. விட்டுவைக்கும் இடைவெளி குறைந்தால் மண் கெடும். ஆனால் மைலுக்கு 1,760 கட்டை கேட்ட பாதையைக் கேள்வி கேட்காத சட்டம், சாம்பலில் கேழ்வரகு விதைத்தவனைத்தான் தேடிப் பிடித்தது.

சென்னையின் வருவாய் வாரியமே இதை எதிர்த்தது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இந்த மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அபூர்வம். மேய்ச்சலும் விறகும் தழையும் அந்த ஊர்க்காரர்களின் உரிமை. அதை ஒரே கையெழுத்தில் பறிக்க முடியாது என்று அதிகாரிகள் எழுதினார்கள். 1878இல் வந்த இந்திய வனச் சட்டத்தைச் சென்னை ஏற்கவில்லை. அதற்குள் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். காடு இருந்திருந்தால் மழை பெய்திருக்கும் என்ற வாதத்துக்குப் புதுத் தெம்பு கிடைத்தது. இந்திய வனத்துறையின் தலைவராக இருந்த ஜெர்மானியர் டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து பேசிப் பார்த்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. ‘ரிசர்வு’ என்ற சொல் ஊருக்குள் வந்தது. ரிசர்வுக்குள் நுழைந்த மாட்டைப் பட்டியில் அடைத்தார்கள். அபராதம் கட்டி மீட்க வேண்டும். உள்ளே கூப்புகள் முறைபோட்டு வெட்டப்பட்டன.

மழைக்காகக் காடு வேண்டும் என்ற வாதத்தைச் சொல்லித்தான் வேலி போட்டார்கள். வேலிக்குள் வளர்த்தது தேக்கு.

1840களில் மலபார் கலெக்டர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். விதை முளைக்க மறுத்துச் சில வருடம் தோல்வி. பிறகு சாத்து மேனன் என்ற அதிகாரியின் கைப்பக்குவத்தில் 1844 முதல் கன்றுகள் பிழைத்தன. இயற்கையாக வளர்ந்த காட்டை எடுத்துவிட்டு, வேண்டிய மரத்தை மட்டும் வரிசையில் வைக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சியாயிற்று. ஆனைமலையில் அந்தக் காரியத்தைப் பெரிதாகச் செய்தவர் ஹியூகோ வுட். 1910களின் நடுவில் அவர் வந்தபோது மலை பெருமளவு வெட்டித் தீர்ந்திருந்தது. கண்டபடி வெட்டுவதை நிறுத்தினார். அடியோடு அறுத்த மரம் மறுபடி துளிர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். நடக்கும்போது சட்டைப்பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்திப் போட்டுக்கொண்டே போவாராம். 1933இல் இறந்தார். டாப்ஸ்லிப்பில் அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவே கல்லறை. என் நினைவுச்சின்னத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் அதில் லத்தீனில் பொறித்திருக்கிறது.

வுட்டை நான் குறைசொல்லவில்லை. மொட்டை மலையை மரமாக்கியவர். ஆனால் அந்தத் தேக்குவனமும், கொஞ்ச தூரம் தள்ளி மழைச் சரிவில் நிற்கும் சோலையும் ஒன்றா?

பங்குனியில் அங்கே போய்ப் பாருங்கள். தேக்கு இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் கம்பு கம்பாக நிற்கும். தரையில் முறம் முறமாகச் சருகு. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரு தீக்குச்சி போதும். மழைக்காலத்தில் அகன்ற இலையில் திரண்ட நீர் பெரிய சொட்டாக விழுந்து, கீழே புதர் இல்லாத இடத்தில் மண்ணைத் தெறிக்க வைக்கும். சோலைக்குள் நுழைந்தால் அதே பங்குனியில் சருகு நனைந்திருக்கும். உயர மரம், அதன் கீழே நடுத்தர மரம், அதன் கீழே செடி, பாசி, வேர், பூஞ்சை என்று அடுக்கடுக்காக மழையை வாங்கி, மெல்லக் கீழே விடும். கோடையிலும் இலை இருப்பதால் வேர் உறிஞ்சிய நீர் ஆவியாக மேலே போய்க்கொண்டே இருக்கும்.

அந்த ஆவி எங்கே போகிறது? பால்ஃபர் 1849இல் கேட்டதற்குப் பதில் 2018இல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும்போது, அங்குள்ள காடுகள் வெளிவிடும் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு கிழக்கே வருகிறது. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கான ஈரத்தில், பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் 40 விழுக்காடு வரைகூட அந்தக் காடுகளிலிருந்து வருகிறது என்று கணித்தார்கள். அமேசானில் 1970களிலேயே எனியாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி, அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தைக் காடு மழையாக வாங்கி, ஆவியாக விட்டு, மறுபடி மழையாக வாங்கி மேற்கே கடத்துகிறது என்று காட்டிவிட்டார். தீவுக் கிழவிக்கும் புவாவ்ருக்கும் தெரிந்திருந்ததற்கு அளவுகோல் பின்னால் வந்தது.

கரியின் கணக்கும் அப்படியே. தோட்ட மரம் சில பத்தாண்டுகளில் வெட்டப்படுகிறது. பெரும்பங்கு கரி காற்றுக்குத் திரும்புகிறது. பழைய காட்டில் அது மரத்திலும் மண்ணிலும் நூற்றாண்டுகளாக உறங்குகிறது.

ஆனால் உலகம் காட்டை எண்ணும் முறை இன்னும் பழைய வனத்துறையின் கண்ணோடுதான் இருக்கிறது. அரை ஹெக்டேர் நிலம், ஐந்து மீட்டர் உயரம் வளரும் மரம், பத்து விழுக்காடு நிழல் இருந்தால் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்புக்கு அது காடு. தேக்குத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் காடு. வெட்டித் தீர்த்த இடமும், மறுபடி மரம் வளர விட்டால், காடு. இந்திய வனக் கணக்கெடுப்பிலோ ஒரு ஹெக்டேருக்கு மேல், பத்து விழுக்காடு நிழல் இருந்தால் தோப்பும் வனப்பரப்பில் சேரும். இந்தக் கணக்கில் 2020இல் உலகக் காடு 406 கோடி ஹெக்டேர். அதில் மனிதன் நட்டது சுமார் 29 கோடி. மனிதக் கை பட்ட தடமே தெரியாத முதுகாடு 111 கோடி. 1990க்குப் பிறகு அதில் 8 கோடிக்கு மேல் குறைந்துவிட்டது. முதுகாட்டுக்குள் லாரி புகுந்து பெரிய மரங்களை மட்டும் எடுத்துப் போனால் மொத்தப் பரப்பில் ஒரு ஹெக்டேரும் குறையாது. போர்னியோவிலும் காங்கோவிலும் காடு மெலிவது இப்படித்தான்.

வுட்டின் கல்லறையில் நின்று சுற்றிலும் பார்ப்பவருக்குத் தேக்கு தெரியும். மலசர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்று, இங்கே முன்பு என்னென்ன மரம் இருந்தது என்று கேட்டால், தன் பாட்டன் சொன்ன பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடும். ஈட்டி, வேங்கை, மருது, நெல்லி, கடுக்காய் என்று விரல் மடித்துக்கொண்டே போகலாம். கணக்கெடுப்புப் படிவத்தில் அந்தப் பெயர்களுக்குக் கட்டம் கிடையாது. தேக்குத் தோட்டத்துக்கும் பழைய காட்டுக்கும் அதில் ஒரே பதில்தான்: வனப்பரப்பு, ஆம்.

அடுத்த இதழில் ஊட்டிக்குப் போகலாம். 1843 வாக்கில் விறகுக்காக அங்கே கொண்டுவந்து நட்ட கற்பூர மரம், சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன செய்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)